நுனியில் ஒரு சிவப்புப் புள்ளி

பாறை ஆராய்ச்சி செய்யும் பிளஸ்ஸி, சங்கரன்கோவில் வீட்டு மேஜையில் ஒரு களிப்பாறைத் துண்டை வைத்திருந்தாள். ஈரமும் வெயிலும் மாறிமாறிப் பட, அதில் விரிசல்கள் கிளைவிட்டு ஒன்றோடொன்று பின்னிக்கொண்டே போயின. காலையில் எழுந்ததும் ஒவ்வொரு நுனியிலும் சிவப்பு மையால் புள்ளி வைப்பாள். புது விரிசல் பழைய விரிசலைத் தொட்டால் அங்கேயே நின்றுவிடும். அவள் படித்த பாடம் அது.

ஒரு விரிசல் மட்டும் கல்லைத் தாண்டி, மேஜைக்கால் வழியாக இறங்கி, சிமெண்டுத் தரையில் ஓடியது.

"ஏட்டி, அந்தக் கல்லத் தூக்கி வெளிய போடு" என்றாள் அம்மா சுந்தரபாய்.

"எங்கன போயி நிக்குதுன்னு பாக்காம விடமாட்டேம்மா."

தரையில் இருந்த பழைய விரிசல்களையெல்லாம் அது சட்டை செய்யாமல் கடந்தது. பிளஸ்ஸியும் விடாமல் புள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், பாயில் தூங்கிக்கொண்டிருந்த அம்மாவின் குதிகால் வெடிப்பைத் தொட்டு அது நின்றிருந்தது.

"நின்னுட்டு!" பிளஸ்ஸி பூரித்துப்போனாள். குதிகாலிலேயே புள்ளி வைத்தாள்.

மறுநாள் அம்மா அடுப்படியில் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். புள்ளி அழியாமல் இருந்தது. அதிலிருந்து ஒரு கோடு, சொட்டு ரத்தமில்லாமல், கல்லின் சாம்பல் நிறத்தில் கெண்டைக்கால் வரை ஏறியிருந்தது.

"அசையாம நில்லும்மா" என்று பிளஸ்ஸி பேனா மூடியைக் கழற்றினாள்.