ஓடக்காரி தட்டிய கதவு

“ஆரம்பிச்சாச்சு! கீழ்வீட்டம்மாவுக்கு மூக்கு வேர்த்தாச்சு!”

அண்ணன் பல்லைக் கடித்தான். தரைக்கு அடியிலிருந்து டொக், டொக். மேலே சத்தம் கூடினால், கீழ்வீட்டு டெய்லரம்மா ஒட்டடைக் கம்பால் இப்படித்தான் தட்டுவார்.

“கொஞ்சம் சிரிச்சதுக்கேவாண்ணா?” என்றாள் தங்கச்சி.

“ஞாயித்துக்கிழமை நாலு பேர் சேர்ந்து சிரிச்சா அவங்களுக்குப் பொறுக்காது. நீ பகடையை எடு.”

“கை பிசுபிசுங்குது. கழுவலாம்னு குழாயைத் திறந்தா காத்துதான் வருது.”

“மத்தியானத்துக்கு மேல தண்ணி வரும். வந்து உக்காரு.”

மேசை மேல் ஓர் ஊரின் வரைபடம். அண்ணன் கதை சொல்லுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரராகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். நினைத்தது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அதுதான் ஆட்டம்.

போன தடவை தங்கச்சி வீட்டுக்காரரான மாப்பிள்ளை பாதியிலேயே குறட்டை விட்டுவிட்டார். “இந்தத் தடவையும் அறுத்தா இனிமே நாங்க வரவே மாட்டோம்” என்று தங்கச்சி சொல்லிவிட்டாள். அதனால் அண்ணன் மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு வெள்ளத்தையே தயார் பண்ணி வைத்திருந்தான். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு நீலக் காகிதத் துண்டு. அதுதான் ஆறு. சுற்றுக்கு ஒரு விரற்கடை ஊருக்குள் நகரும்.

“நீங்க மூணு பேரும் சத்திரத்துல இருக்கீங்க. வெளியே மழை. ஒரு ஓடக்காரி ஓடி வந்து கதவைத் தட்டுறா. ‘அணை விரிசல் விட்டிருக்கு, கிழக்குத் தெரு ஜனங்களை எழுப்புங்க’ங்கிறா. என்ன செய்றீங்க?”

“என் வாளைத் துடைக்கிறேன்,” என்றார் மாப்பிள்ளை.

“ஆத்தோட அகலம் எத்தனை அடி?” என்று கேட்டார் எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார்.

“சார், அவ கதவைத் தட்டுறா!”

“அகலம் தெரியாம எப்படிப் பயப்படுறது?”

தங்கச்சி கொட்டாவி விட்டாள். “இப்படிக் கத்துறவங்க எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருப்பாங்கண்ணா. நான் போர்த்திக்கிட்டுப் படுக்கிறேன்.”

அண்ணன் தலையில் அடித்துக்கொண்டு நீலத் துண்டை நகர்த்தினான்.

கீழே மறுபடியும் டொக், டொக், டொக். இந்தத் தடவை பலமாக.

அவனுக்குச் சட்டென்று ஒரு யோசனை. குரலைத் தாழ்த்தினான். “கேட்டுச்சா? அதான் அணை. கல்லு கல்லாப் பெயருது.”

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். “அட, மச்சான்! உடம்பே சிலிர்த்துப் போச்சு!”

அப்பாடா, ஒரு வழியாக ஆட்டம் சூடு பிடித்தது என்று நினைப்பதற்குள் வாசல் மணி அடித்தது.

“யாரும் எந்திரிக்காதீங்க. அவங்களாத்தான் இருக்கும்.”

மணி மறுபடி அடித்தது. “தம்பி... தம்பி...”

“அரை மணி நேரம் பொறுத்துக்கங்கம்மா! முக்கியமான கட்டம்!” என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினான் அண்ணன்.

வாசலில் சத்தம் நின்றது.

“போயிட்டாங்க. நிம்மதியா ஆட விடுறாங்களா! சரி, ஓடக்காரி மறுபடியும் வந்து தட்டுறா. இப்பவாவது?”

“வாளுக்கு உறை போடுறேன்.”

“ஆழமாவது சொல்லுங்களேன்.”

தங்கச்சி வாயால் குறட்டை விட்டுக் காட்டினாள்.

ஓடக்காரி மூன்றாவது தடவையும் தட்டினாள். அப்போதும் ஒருவரும் அசையவில்லை. நீலத் துண்டு கிழக்குத் தெருவின் முதல் வீட்டைத் தொட்டது. அண்ணனுக்குப் பொறுமை போயேபோய்விட்டது. மேசையில் ஓங்கி அடித்தான். பகடைகள் துள்ளின.

“மூணு தடவை தட்டினா! கொட்டுற மழையில நனைஞ்சுக்கிட்டு, உங்க நல்லதுக்காக வந்து தட்டினா! ஒருத்தராவது எந்திரிச்சுப் போய், ‘என்னம்மா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? மனுஷங்களா நீங்க? இன்னும் ஒரே சுத்து. அப்புறம் கிழக்குத் தெருவே கிடையாது!”

மாப்பிள்ளை மெதுவாகக் காலைத் தூக்கினார்.

“மச்சான், எல்லாம் சரி. அதுக்காக நிஜமாவே தண்ணி விடணுமா? கால் நனையுது.”

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். பின்கட்டுக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் நெளிந்து வந்துகொண்டிருந்தது.

“ஐயோ, குழாய்!” தங்கச்சி ஓடினாள்.

தொட்டி நிரம்பித் தரையெல்லாம் குளமாகக் கிடந்தது. அவள் திறந்துவிட்டு மறந்த குழாயில் மட்டும், ஏனோ, இப்போது தண்ணீர் வரவில்லை.

அண்ணன் வாசல் கதவைத் திறந்தான்.

மாடிப்படிக் கைப்பிடி நெடுகிலும் பாதி தைத்த பள்ளிச் சீருடைகள் ஈரமாகத் தொங்கின. டெய்லரம்மா மேல்படியில் உட்கார்ந்து இன்னொன்றைப் பிழிந்துகொண்டிருந்தார். அவர் புடவையும் நனைந்திருந்தது.

“அம்மா... நீங்க... நாங்க சத்தம் போடுறதுக்குத்தான் தட்டுறீங்கன்னு...”

“முதல் தடவை அதுக்குத்தான் தம்பி, அப்புறம் மேல இருந்து ஊத்திச்சு. அதான் தட்டினேன். நீங்க முக்கியமான கட்டம்னீங்க. சரின்னு கீழே இருக்கிற உங்க வால்வை நானே மூடிட்டேன். கடவுள் புண்ணியம், மெஷின் மேல ஒரு சொட்டுப் படல.”



டெய்லரம்மா சீருடையை உதறிக் கைப்பிடியில் போட்டார். திறந்த கதவு வழியாக மேசையை எட்டிப் பார்த்துவிட்டு, உண்மையான கவலையோடு கேட்டார்:

“அந்தக் கிழக்குத் தெரு ஜனங்க தப்பிச்சுட்டாங்களா, தம்பி?”