வட்டம் சுற்றுகிறது

எங்கள் இலவச இயங்குதளத்தை நிறுவியதும் எந்த முகப்புத்திரை தானாக வர வேண்டும் என்று அன்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. ஐந்து பேரில் நான் மட்டும், பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும் எளிய திரையைக் கேட்டேன்.

"அழகா இருந்தாத்தானேம்மா ஜனங்க தொடுவாங்க" என்றார் குழுத்தலைவர் தயாபரன்.

"உங்க புது லேப்டாப்புல அழகுதான் சார். இதுல திறந்து காட்டுங்க."

நான் படித்த கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கி வந்த கணினியை மேஜையில் வைத்தேன். அங்கே எட்டுப் பேருக்கு ஒன்று, ஆளுக்குப் பத்து நிமிடம். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே "அடுத்த ஆள் வா" என்பார்கள்.

அவர்கள் கேட்ட அழகுத் திரையை அதில் போட்டோம். இப்போதும் வட்டம் சுற்றியது.

"இது திறக்கறதுக்குள்ள டீயே குடிச்சிட்டு வந்துடலாம்" என்று சிரித்துக்கொண்டு எல்லோரும் கீழே போனார்கள்.

அப்புறம் திறந்தது. விடிவதற்கு முந்தைய நீலம். திரையில் ஒரு சாளரத்தைப் பிடித்து இழுத்தேன். தன் நிழலையும் கூட்டிக்கொண்டு தயங்கித் தயங்கி என் விரலோடு வந்தது. இவ்வளவு அழகையா அந்த வட்டத்துக்குப் பின்னால் வைத்திருந்தீர்கள், பாவிகளா!

படியில் காலடி கேட்டது. கணினியை அணைத்து மறுபடி போட்டேன்.

"இன்னுமா சுத்துது?" என்றார் தயாபரன்.

வட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஆமா சார்" என்றேன்.