பக்கத்தில் யாரு?

வெள்ளையடிப்பவர் விட்டுப்போன மூங்கில் ஏணி, வடக்கே ஒரு நகரத்தின் கேம்ப் பகுதியில், இந்தப் பழைய வீட்டுக் கூடத்தில் சுவரில் சாய்ந்து நிற்கிறது. ஜன்னல் வழியாக வரும் சாயங்கால வெயில் அதன் மேல்படிகளில் மட்டும் ஒட்டியிருக்கிறது. ஏணிக்குக் கீழே, ஓரடிச் சதுரமாகப் பாவிய ஷாபாத் கற்கள் ஈரம்பட்டதுபோலக் கறுத்துக் கிடக்கின்றன. வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஆரோக்கியமணி சமையலறையில் சப்பாத்தி தேய்க்கிறாள். தமிழை யோசித்து யோசித்துப் பேசும் மகள் அலினா, ஏணியருகே கணக்கு நோட்டோடு தரையில் உட்கார்ந்திருக்கிறாள்.

“ஏணிதான் கர்ணம், பத்தடி. அது தரையைத் தொடுற கோணத்தைப் பாரு. எதுத்தாப்ல யாரு?” என்று உள்ளிருந்து கேட்கிறாள் அம்மா. “சுவர், மம்மி.” “பக்கத்துல யாரு?” சப்பாத்திக் கட்டை உருளும் சத்தத்தினூடே அலினா பக்கவாட்டில் திரும்பிப் பார்க்கிறாள். பிறகு அலினா சொல்கிறாள்: “ஒரு ஆன்ட்டி.” ஆரோக்கியமணி சிரித்துவிடுகிறாள். “ஐயோ, நான் ஆளைக் கேக்கல. எந்தப் பக்கம்னு கேட்டேன். தரைதானே? ஏணிக் காலுலேர்ந்து சுவர் வரைக்கும் கல்லை எண்ணி, பத்தால வகு. அதான் கொசைன்.” “அச்சா.” அலினா நோட்டைத் தன் மடிக்கு இழுத்து, கால்களை மடக்கி இடம் விடுகிறாள். விரலை நீட்டி ஒவ்வொரு கல்லாக எண்ணிக்கொண்டே போகிறவள், பாதியில் நிறுத்துகிறாள். ஏணியின் கீழ்ப்படி மெல்ல முனகுகிறது. சமையலறையில் கட்டை உருளும் சத்தம் நின்றுபோகிறது. அலினா குரலைத் தாழ்த்தி, மரியாதையாகக் கேட்கிறாள்:

“மம்மி, அவங்க உக்காந்திருக்கிற கல்லையும் சேக்கணுமா?”