வழவழப்பான பக்கம்

"மேசை மேல முடுக்கியிருக்கிற ஹார்டுபோர்டு அட்டையோட சொரசொரப்பான பக்கத்த யாராச்சும் மேல போடுவாங்களா, மாமா? இந்த மேசைல வைக்கிற கதவெல்லாம் கீறிப் போகுது. கழட்டித் திருப்பிப் போட்டுடறேன்" என்று திருப்புளியை எடுத்தான் தச்சன்.

பட்டறை, அவன் அக்காள் புருஷனான அந்த மாமாவுடையது. அவர் முகம் கறுத்தது.

"அதுல கை வச்சே, வெட்டிப் போட்டுடுவேன்!"

சொன்னதோடு நிற்கவில்லை. உளி தச்சனின் தோளில் இறங்கியது. அலறிக்கொண்டே அவன் வீசிய சுத்தியல் அவர் மண்டையைப் பிளந்தது. மேசைமேல் விழுந்து சரிந்தவர் எழவேயில்லை.

ஓர் அட்டைக்காகவா இத்தனையும்?

அட்டைமேல் தெறித்த ரத்தத்தை மறைத்தாக வேண்டும். திருகாணிகளைக் கழற்றி, ஹார்டுபோர்டைப் புரட்டினான்.

வழவழப்பான பக்கத்தில் காய்ந்து கறுத்த ரத்தம். நடுவே, சுட்டுவிரல் இல்லாத ஒரு கைத்தடம்.

ரம்பத்துக்குச் சுட்டுவிரலைப் பறிகொடுத்தவன் அவன் அண்ணன் ஒருவன்தான். போன வருஷம் அவன் சொல்லாமல் கொள்ளாமல் ஊரைவிட்டே ஓடிப்போனதாகச் சொன்னவர், மாமா.