துவைத்த பாட்டு

என் கச்சேரி நாளன்று காலையில் என் கணவர் லூர்து என் புதுப்பாட்டைத் துவைக்கப் போட்டுவிட்டார். காது கேளாத நாங்கள் பாட்டைச் சட்டையாக மாட்டிக்கொள்கிறவர்கள். மெட்டு முதுகில் ஓடும், தாளம் விலாவில் தட்டும். தண்ணீர் பட்டால் பாட்டு அழிந்துவிடும்.

"அழுக்கா இருந்துச்சு, அதான்," என்று கைகளால் சொன்னார்.

கோபத்தோடு வாஷிங் மெஷின்மேல் கை வைத்தேன். அது துணிகளை இப்படியும் அப்படியும் புரட்டிக்கொண்டிருந்தது. அந்த அதிர்வு தாளமாக உள்ளங்கையிலிருந்து தோள்வரை ஏறியது.

"நிறுத்திடவா?"

"தொட்டீங்கன்னா கொன்னுடுவேன். பாட்டு ஏத்தாத சட்டை ஒண்ணு கொண்டாங்க."

அதை மெஷின்மேல் போர்த்திப் பதிவுசெய்தேன்.

மாலையில் அரங்கத்தில் எல்லோர் சட்டையிலும் அதுதான் ஓடியது. பாட்டில் மெஷின் தண்ணீர் வடியும் இடம் வந்தபோது முன்வரிசையே கண்ணைத் துடைத்தது. லூர்து பக்கத்து இருக்கைக்காரரைத் தட்டிக் கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார்: "சோப்பு போட்டது நான்தான்."