பொக்கு பார்க்கத் தெரிந்தவர்

“என் பொண்டாட்டியோட வலி நடிப்புன்னு சொன்னவன் எவன்? நாலு வருசத்த நாசம் பண்ணவன் என் முன்னாடி வரட்டும்!”

“நெசமாவே வியாதிதான்” என்று டாக்டர் கவிதா சொன்னதும் ராஜாங்கத்துக்கு வந்த கோபம் அது. செஞ்சியின் அந்தச் சின்னக் கிளினிக்கில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ராஜாங்கம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்குகிறவர். ஒரு காயைக் காதோரம் குலுக்கினாலே போதும், உள்ளே வெறும் பொக்கா, பருப்பா என்று சொல்லிவிடுவார். பேரத்தில் அவரை ஜெயித்தவர் அனந்தபுரம் வரைக்கும் கிடையாது.

“கத்தாதீங்க” என்றாள் அவர் மனைவி சாமுண்டீஸ்வரி. கையில் மாவுக்கட்டு. குடம் தூக்கியதற்கே முறிந்த கை.

டாக்டர் ஸ்கேனைக் காட்டினார். “பாராதைராய்டுன்னு நாலு சுரப்பி. கழுத்துல அரிசி அளவு இருக்க வேண்டியது. இவங்களுக்கு ஒண்ணு நெஞ்சுக்கூட்டுக்குள்ள, மல்லாட்டைப் பருப்பு அளவு வீங்கிக் கெடக்குது. எலும்புல இருக்கிற கால்சியம்ங்கிற சுண்ணாம்புச் சத்த உருவி ரத்தத்துல கொட்டுது. அசதி, உடம்புவலி, கிட்னியில கல்லு எல்லாம் இதாலதான். எலும்பு உள்ளுக்குள்ள பொக்காயிடுச்சு.”

“நெஞ்சப் பொளக்கணுமா?”

“வேணாம். சென்னையில ரோபோ வச்சி, சின்னச் சின்ன ஓட்டை போட்டு எடுத்துடுவாங்க. நாளைக்கு அட்மிஷன்.”

“மிஷினா அறுக்கும்? அதுக்கு என்னாட்டம் கோவம் வந்தா?”

“அதோட கைய ஆட்டுறது டாக்டர்தான், ஐயா.”

“அப்ப சரி. ஆனா இன்னா டாக்டரம்மா, அப்பவே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்குமில்ல? எடுக்காம விட்டது யாரு? விடமாட்டேன் அவன!”

டாக்டர் ஃபைலிலிருந்து ஒரு பழைய சீட்டை எடுத்து நீட்டினார். கவிதாவே எழுதியதுதான். நாலு வருடத்துக்கு முந்தைய தேதி.

‘கால்சியம் டெஸ்ட் எழுதிக் கொடுத்தேன். வேலைக்குப் பயந்து நடிக்கிறாள், தேவையில்லை என்று கணவர் மறுத்துவிட்டார்.’

ராஜாங்கம் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

சாமுண்டீஸ்வரி எழுந்தாள்.

“நான் நடிக்கிறேன்னு கமிட்டி பூரா சொல்லி வச்ச ஆளு, இப்ப நேரா அங்க போயி, அத்தினி பேர் எதிர்லயும் ‘அவ நடிக்கல, நான்தான் பொய் சொன்னேன்’னு இதே சத்தத்துல சொல்லணும். சொன்னாதான் நாளைக்கு பஸ் ஏறுவேன். இதுல பேரம் கெடையாது. நடங்க!”