மீன் மேசை, நூடுல்ஸ் மேசை

எடை மிஷினில் ஏறி நின்ற இசிகேலியின் தொப்பையைப் பார்த்துவிட்டு லூபே குனிந்து முள்ளை இன்னொரு தடவை சரிபார்த்தாள். அவள் ஆராய்ச்சிக்காக ஒரு மாதமாக மீனும் மரவள்ளிக்கிழங்கும் சேப்பங்கீரையும்தான் அவனுக்குச் சாப்பாடு. பயல் நாலு கிலோ ஏறியிருந்தான்!

அடுத்து ஏற நின்ற அகனிசி நூடுல்ஸ் மேசைக்காரி. மூன்று வேளையும் நூடுல்ஸ், சிப்ஸ், டப்பா இறைச்சி. அவளோ பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்தியிருந்தாள்.

“ஏய் கிழங்கு மூட்டை, எறங்குடா! மிஷின் அழுவுது.”

“போடி கருவாடு! கடற்கரைப் பக்கம் போயிடாத, நண்டு இழுத்துட்டுப் போயிடும்.”

பின்னால் வரிசையில் நின்ற இரண்டு மேசைகளின் மாணவர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லூபேவுக்கு அழுகை முட்டியது. பாக்கெட் தீனிதான் மாணவர்களைக் குண்டாக்குகிறது என்று நிரூபிக்கத்தான் அவள் டோங்காவிலிருந்து கடல் தாண்டிச் சுவா பல்கலைக்கழகத்துக்கு வந்ததே. இந்த லட்சணத்தில் நாளைக்குப் பேராசிரியர் முன்னால் போய் நின்றால் பட்டம் கோவிந்தாதான்.

“உண்மையைச் சொல்லுடா. திருட்டுத்தனமா எதையாவது தின்னியா?”

“சத்தியமா திருடலக்கா!”

திருட வழியே இல்லை என்றுதான் அவளும் நம்பியிருந்தாள். ஒரு தீவுக்காரர்களை மீன் மேசையிலும், முதல் நாளே அவர்களோடு மல்லுக்கு நின்ற இன்னொரு தீவுக்காரர்களை நூடுல்ஸ் மேசையிலும் உட்கார வைத்தாள். ஒருவர் தட்டை ஒருவர் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள் என்பது அவள் கணக்கு. பரிமாறியதும் அவர்கள் வசவு தாங்காமல் இவள் காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள்.

“இவ்வளவு பகையை வச்சுக்கிட்டு எப்படிடா ஒரே வகுப்புல படிக்கிறீங்க?”

“பகையா?” இசிகேலி விழித்தான். “ஐயோ அக்கா, எங்க ரெண்டு தீவும் தௌவூ. மாமன் மச்சான் மாதிரி, கேலி முறை! எவ்வளவு திட்டினாலும் கோவிச்சுக்கக் கூடாது.”

“திட்டுறதோட சரிதானே?”

அகனிசி ஊக்கைத் திருகியபடி நெளிந்தாள். “முறைக்காரன் கையை நீட்டி எதைக் கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாதுக்கா. நாங்களும் பதிலுக்குக் கேட்போம். அவங்களும் குடுத்துதான் ஆகணும்.”

லூபே மிஷினைப் பிடித்துக்கொண்டாள். “எதை...?”

இசிகேலி தொப்பையைத் தடவிக்கொண்டான்.

“முதல் நாள்லேர்ந்து அவங்க நூடுல்ஸ் பூரா எங்க வயித்துலதான்க்கா!”